மூடிய சாளரங்கள் எங்கே போகின்றன?

சென்ற வாரம், எங்கள் ஆய்வகத்திற்குத் திட்டப்பணிக்காக வந்திருக்கும் முதுகலை மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார். "அக்கா, எரர் எதுவும் வரல. ஆனா படமும் வரல" என்றார். பைத்தானில் டிகின்டர் கொண்டு எழுதிய சிறு நிரல். ஒரு செயற்கூறு படக் கோப்பைத் திறந்து, அதை ஒரு லேபிளில் பொருத்தித் திரையில் வைக்கிறது. சாளரம் திறக்கிறது. படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

இணையத்தில் தேடி விடையையும் அவரே கண்டுபிடித்திருந்தார். படப் பொருளை லேபிளின் ஒரு பண்பாகவும் சேர்த்து வைக்கச் சொல்லும் ஒற்றை வரி அது. அதைச் சேர்த்தவுடன் படம் வந்துவிட்டது. அவர் என்னிடம் வந்தது திருத்தம் கேட்டு அன்று, "இந்த வரி ஒண்ணுமே செய்யலையே, பிறகு எப்படி வேலை செய்யுது?" என்று கேட்பதற்காக. இந்தக் கேள்வியை நான் என் முதலாண்டிலேயே கேட்டிருந்தால் ஐந்து மாத அளவீடுகள் எனக்கு வீணாகியிருக்கமாட்டா. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் அவருடைய கேள்விக்கான விடை. பைத்தானில் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைக்கப்படுகிறது. ரெஃபரன்ஸ் என்று வகுப்பில் சொல்வதை இங்கே சுட்டு என்கிறேன். சுட்டுகளின் எண்ணிக்கை சுழியானதும் பொருள் அப்போதே அழிக்கப்படும். மாணவரின் படத்தைப் பிடித்திருந்தது செயற்கூற்றுக்குள் இருந்த ஒரு மாறி மட்டுமே. செயற்கூறு முடிந்தது, மாறி போயிற்று, படமும் போயிற்று. லேபிள் அதைப் பிடித்திருக்கவில்லையா என்று கேட்கலாம். இல்லை. டிகின்டர் என்பது டிகே என்ற வேறோர் அமைப்பின்மீது போர்த்திய பைத்தான் உறை. டிகே உலகில் அந்த லேபிளுக்குத் தெரிந்தது படத்தின் பெயர் மட்டும், ஒரு சரம். பெயரை அறிந்திருப்பது பொருளைப் பிடித்திருப்பதாகாது. பைத்தான் தன் பேரேட்டைப் பார்த்து, இதை வைத்திருப்பவர் எவருமில்லை என்று முடிவு செய்து, படத்தை அழிக்கும்படி டிகேவுக்கும் சொல்லிவிடுகிறது. ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும் அந்த வரி, பைத்தானின் பேரேட்டில் ஒரு கூடுதல் பதிவை எழுதுகிறது. அவ்வளவுதான்.

ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருவர் பேரேட்டை மற்றவர் பார்ப்பதில்லை. வரைகலை இடைமுக நிரலாக்கத்தின் பெரும்பாலான நினைவகத் தொல்லைகளுக்கு இந்த ஓர் உவமை போதும் என்பது என் அனுபவம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 காலத்து வலைநிரலாளர்கள் இதே தொல்லையில்தான் தவித்தார்கள். பக்கத்தின் உறுப்புகளுக்கு எண்ணிக்கை முறையில் ஒரு கணக்கு, ஸ்கிரிப்ட்டின் பொருள்களுக்கு வேறு முறையில் இன்னொரு கணக்கு. ஒரு பொத்தானும் அதன் நிகழ்வுச் செயற்கூறும் ஒன்றையொன்று சுட்டினால், இரு கணக்குகளுக்கும் இடையே அந்த இணை சிக்கிக்கொள்ளும். இருவரில் எவரும் அதை அழிக்கமாட்டார்.

இனி என் கதை. நான் கணினியியல் மாணவி அல்லள். பெங்களூருவில் தாழ்வெப்ப இயற்பியலில் ஆய்வு செய்கிறேன். கிரையோஸ்டாட்டில் வைத்த மாதிரியின் மின்தடையை, வெப்பநிலையை மெல்ல இறக்கியும் ஏற்றியும் அளப்பது என் அன்றாட வேலை. கருவிகளோடு பேசும் நிரலை பைக்யூட்டியில் நானே எழுதினேன். எங்கள் துறையில் இது வழக்கந்தான். முன்னால் இருந்த மூத்த மாணவர் எழுதிய நிரல் அவரோடு போய்விடும். அடுத்தவர் முதலிலிருந்து எழுதுவார்.

என் நிரலில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும், அதாவது ஒருமுறை குளிர்விப்பதற்கோ சூடாக்குவதற்கோ, ஒரு வரைபடச் சாளரம் திறக்கும். ஓட்டம் முடிந்ததும் நிரலே அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை நிரல் மின்தடையைப் படிக்கும். 'புதிய அளவீடு வந்தது' என்று சமிக்ஞை எழுப்பும். சாளரம் அதைக் கேட்டு, அதுவரை வந்த எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு வளைவரையைப் பொருத்தி வரையும். அதன்பின் நிரல் வெப்பநிலையைப் படித்து இரண்டையும் கோப்பில் எழுதும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மின்தடை, சமிக்ஞை, வெப்பநிலை.

நான் அறியாதிருந்தது ஒன்று. க்யூட்டியில் ஒரு சாளரத்தை மூடுவதென்றால் இயல்பாக அதை மறைப்பதென்றே பொருள், அழிப்பதன்று. மூடும்போது அழி என்று அந்தச் சாளரத்திடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. தவிரவும், முறையாக எழுதுவதாக எண்ணி, ஒவ்வொரு வரைபடச் சாளரத்துக்கும் முதன்மைச் சாளரத்தைப் பெற்றோராக அறிவித்திருந்தேன். க்யூட்டியில் பெற்றோர்தான் உரிமையாளர். பெற்றோர் அழியும்போது பிள்ளைகளும் அழியும், அதுவரை அவை வாழும். பைத்தான் மாறியை நான் விட்டுவிட்டாலும், உரிமை ஏற்கெனவே க்யூட்டியின் பேரேட்டுக்கு மாறிவிட்டது. ஆகவே நான் 'மூடிய' ஒவ்வொரு சாளரமும் திரைக்குப் பின்னால் உயிரோடிருந்தது. உயிரோடிருந்ததோடு நில்லாமல், சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டும், ஒவ்வோர் அளவீட்டுக்கும் தன் வளைவரையைத் திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டும் இருந்தது. பார்ப்பதற்கு எவருமில்லாத வரைபடங்கள்.

குப்பை சேகரிப்பான் என்ன செய்துகொண்டிருந்தது? தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. 1960இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக முன்வைத்த முறையும், அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் முன்வைத்த எண்ணிக்கை முறையும் விடை தருவது ஒரே கேள்விக்குத்தான்: இந்தப் பொருளை இனி எவராலாவது எட்ட முடியுமா? பைத்தான் 2.0இல், 2000ஆம் ஆண்டு, வட்டச் சுட்டுகளைக் கண்டுபிடிக்கும் சேகரிப்பான் சேர்க்கப்பட்டது. அதுவும் இந்தக் கேள்விக்கே விடை தருகிறது. இது இனி எவருக்காவது தேவையா என்ற கேள்வியை அவற்றுள் எதுவும் கேட்பதில்லை, கேட்கவும் இயலாது. என் மறைந்த சாளரங்களை முதன்மைச் சாளரத்திலிருந்து எட்ட முடிந்தது. எனவே அவை குப்பையல்ல.

சமிக்ஞை எழுப்பிய இடத்திலேயே, அதைக் கேட்பவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடித்த பிறகே, நிரல் அடுத்த வரிக்குச் செல்லும். ஒரே இழையில் இயங்கும் க்யூட்டி நிரலில் அதுதான் இயல்பு. ஒரு சாளரத்தின் பொருத்தத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிவிநாடி என்றால், முப்பது சாளரங்களுக்கு 3 விநாடி. மின்தடையைப் படித்து 3 விநாடி கழித்தே வெப்பநிலை படிக்கப்படுகிறது. நான் நிமிடத்துக்கு 2 கெல்வின் வேகத்தில் வெப்பநிலையை மாற்றிக்கொண்டிருந்தேன். 3 விநாடியில் 0.1 கெல்வின். குளிர்விக்கும்போது வளைவரை 0.1 கெல்வின் கீழே நகரும், சூடாக்கும்போது 0.1 மேலே நகரும். இரண்டுக்கும் இடையே 0.2 கெல்வின் இடைவெளி.

இயற்பியல் படித்தவர்கள் இந்நேரம் நெற்றியில் கை வைத்திருப்பீர்கள். குளிர்விக்கும்போது தாழ்ந்த வெப்பநிலையிலும் சூடாக்கும்போது உயர்ந்த வெப்பநிலையிலும் மாற்றம் நிகழ்ந்தால் அதற்குப் பெயர் தயக்கம், ஹிஸ்டரிசிஸ். முதல்வகை நிலைமாற்றத்தின் அடையாளங்களுள் ஒன்று. என் நிரலில் வெப்பநிலையை முதலிலும் மின்தடையைப் பிறகும் படித்திருந்தால் வளையம் தலைகீழாக வந்திருக்கும். இயற்கைக்கு மாறாக இருக்கிறதே என்று முதல் நாளே ஐயுற்றிருப்போம். நான் எழுதிய வரிசை, பிழையைச் சரியான திசையிலேயே ஏந்திக்கொண்டு வந்தது.

ஓட்டம் கூடக்கூட வளையம் அகன்றது. அதற்கும் எங்களிடம் விளக்கம் ஆயத்தமாக இருந்தது: மீண்டும் மீண்டும் குளிர்வித்துச் சூடாக்குவதால் மாதிரிக்குள் திரிபு சேர்கிறது. கட்டுரையின் வரைவில் அதற்கென ஒரு பத்தியே இருந்தது. பகலில் நிரல் தடுமாறுவதைக் கண்டோம். பழைய கணினி என்று அதன்மேல் பழியைப் போட்டோம்.

உண்மையை வெளிப்படுத்தியது எங்கள் அறிவுக்கூர்மை அன்று, ஒரு விபத்து. ஓர் இரவு கணினி தன் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டு தானே மறுதொடக்கமாகிவிட்டது. கிரையோஸ்டாட்டின் கட்டுப்பாட்டுக் கருவி தனியானது. அது மாதிரியை அதே குளிரில் வைத்திருந்தது. காலையில் நிரலை மட்டும் மீண்டும் ஓடவிட்டேன். தயக்கம் இல்லை. மாதிரி அசையவில்லை, சூடேறவில்லை, மாறியது நிரல் ஒன்றுதான். என் நெறியாளர் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "நிரலைப் புதிதாகத் தொடங்கிய நாள்களின் முதல் ஓட்டங்களை மட்டும் எடுத்துவாருங்கள்" என்றார். எடுத்தேன். ஒன்றிலும் தயக்கம் இல்லை. வரைவை அன்றே ஒதுக்கி வைத்தோம்.

ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே நேர முத்திரைதான் கோப்பில் இருந்தது. மின்தடைக்கும் வெப்பநிலைக்கும் தனித்தனியாக நேரத்தைப் பதிந்திருந்தால் பழைய தரவைத் திருத்தி மீட்டிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை. ஐந்து மாதத் தரவில் பயன்பட்டவை அந்த முதல் ஓட்டங்கள் மட்டுமே.

திருத்தம் என்னவோ சிறியது. இரு கருவிகளையும் அடுத்தடுத்துப் படித்து, நேரத்தைப் பதிந்து, அதன்பிறகே சமிக்ஞை. மூடும்போது சமிக்ஞையிலிருந்து விலகல், மூடும்போது அழித்தல். ஆனால் கடைசியாகச் சொன்னது உடனே எதிர்ப்பக்கத்துப் பிழையைக் கொண்டுவந்தது. க்யூட்டி சாளரத்தை அழித்துவிட்டது; என் பைத்தான் மாறியோ அதன் வெற்று உறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தொட்டவுடன், உள்ளிருந்த சி பிளஸ் பிளஸ் பொருள் அழிக்கப்பட்டுவிட்டது என்று நிரல் நின்றது. முன்பு ஒருவர் பேரேட்டில் அதிகம்; இப்போது மற்றவர் பேரேட்டில் அதிகம். இந்த இரண்டாம் பிழையை நான் பெரிதும் விரும்புகிறேன். அது கத்துகிறது. முதற்பிழை ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை.

என் கருத்துக்கு வருகிறேன். பொருள்களின் அழிவைப் பற்றி நம் பாடத்திட்டங்கள் சொல்லித்தருவது பெரும்பாலும் ஒரு வாக்கியம்: சி மொழியில் நீங்களே விடுவிக்க வேண்டும், ஜாவாவிலும் பைத்தானிலும் மொழியே பார்த்துக்கொள்ளும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். இது பாதி உண்மை. வரைகலை இடைமுகத்தில் கேடு தரும் பாதி. மொழி பார்த்துக்கொள்வது எட்ட முடியாத நினைவகத்தை. ஒரு சாளரமோ வெறும் நினைவகம் அன்று. அதற்கு இயங்குதளத்திடம் ஒரு கைப்பிடி உண்டு, சமிக்ஞைகளோடு இணைப்பு உண்டு, ஒரு டைமர் இருக்கக்கூடும், திறந்த கோப்பு இருக்கக்கூடும். விண்டோஸில் ஒரு நிரலுக்கு வரைகலைக் கைப்பிடிகளின் இயல்பான உச்சவரம்பு 10,000. நினைவகம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த எண்ணைத் தொட்டால் பொத்தான்களை வரைய இயலாது. இவை ஒவ்வொன்றுக்கும் எப்போது முடிவு என்பது வடிவமைப்பாளர் எடுக்க வேண்டிய முடிவு. யார் உரிமையாளர், யார் வெறுமனே அறிந்தவர் என்ற வேறுபாட்டை எழுதுமுன் தீர்மானிக்க வேண்டும். நான் பயின்ற எந்த வகுப்பிலும் 'உரிமை' என்ற சொல் இந்தப் பொருளில் ஒலித்ததில்லை.

அதன் இடத்தை நிரப்பியிருப்பது ஒரு நாட்டு வைத்தியம். ஏதாவது காணாமற்போனால் அதன் பெயருக்கு முன்னால் 'செல்ஃப்' போடு. பெற்றோர் இல்லாத புதிய சாளரம் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறைகிறதா, செல்ஃப் போடு. படம் வரவில்லையா, எங்காவது ஒட்டிவை. எங்கள் ஆய்வகத்து நிரல்களைத் திறந்து பார்த்தால் எல்லாம் முதன்மைச் சாளரத்தின்மேல் தொங்கிக்கொண்டிருக்கின்றன. முன்கூட்டியே அழிவதைத் தவிர்க்க, எதுவுமே அழியாதபடி செய்திருக்கிறோம். தம்பி கொண்டுவந்த அந்த ஒற்றை வரி அவருடைய நிரலுக்குச் சரியான வரிதான். லேபிள் வாழும்வரை படம் வாழ வேண்டும், லேபிள் போனால் படமும் போகலாம். உரிமை சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் அதைக் கற்றவர் அடுத்தமுறை ஒரு பொதுப் பட்டியலில் ஒட்டிவைப்பார். அதுவும் 'வேலை செய்யும்'.

வலுவற்ற சுட்டுகள் இதற்குத் தீர்வாகாவா என்று கணினியியல் நண்பர் ஒருவர் கேட்டார். ஜாவாவில் 1998இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே அவை உண்டு; பைத்தானிலும் உண்டு. பொருளை வாழவைக்காமல் அதை அறிந்திருக்க அவை உதவும். கேட்பவர்களின் பட்டியலை அவற்றால் அமைப்பது நல்ல பழக்கந்தான். என் நிரலை அவை காத்திருக்கமாட்டா. சமிக்ஞை என் சாளரங்களை வலுவாகப் பிடித்திருந்ததால் அவை பிழைத்திருக்கவில்லை, பெற்றோர் பிடித்திருந்தார். தவிர, வலுவற்ற சுட்டு வழியே கேட்பவர், சேகரிப்பான் வந்து அள்ளிச் செல்லும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பார். அளவீட்டு நிரலில் அந்த 'எப்போதோ' போதாது. வேறு மொழிக்குப் போகச் சொல்வோரும் உண்டு. உரிமையை மொழியின் இலக்கணத்திலேயே வைத்த ரஸ்டை நானும் மதிக்கிறேன். அங்கும் எண்ணிக்கைச் சுட்டுகளால் ஒரு வட்டம் அமைத்து நினைவகத்தைக் கசியவிட முடியும். அதன் கையேடே அதை ஒப்புக்கொள்கிறது.

நமக்குக் கடினமான மறுப்பு வேறு. "நாம் மென்பொருள் பொறியாளர்கள் அல்லர், ஆய்வுதான் முக்கியம், நிரல் மந்தமானால் மறுபடி தொடங்கு." நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைதோறும் மறுபடி தொடங்கினேன். அந்தப் பழக்கந்தான் பிழையை மறைத்தது. தொடர்ந்து ஓடியிருந்தால் பத்து நாளில் நிரல் மூச்சடைத்து நின்றிருக்கும், அப்போதே தெரிந்திருக்கும். கருவி ஒன்றின் அளவுதிருத்தச் சான்று இல்லாமல் அதன் அளவீட்டை நம் நெறியாளர்கள் ஏற்பதில்லை. மின்தடைமானிக்கும் தாளில் வரும் எண்ணுக்கும் இடையே நிற்கும் நிரலும் ஒரு கருவிதான். அதன் அளவுதிருத்தத்தை எவரும் கேட்பதில்லை.

வரைகலை நிரல் எழுதாதவர்களும் தப்பவில்லை. மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் வழியாக நூற்றுக்கணக்கான படங்களை ஒரே ஓட்டத்தில் வரைந்து சேமிப்பவர்கள் நம்மில் பலர். வெளிப்படையாக மூடச் சொல்லும்வரை பைபிளாட் ஒவ்வொரு படத்தையும் பிடித்தே வைத்திருக்கும். இருபதைத் தாண்டினால் எச்சரிக்கையும் தரும். அந்த எச்சரிக்கையை அணைத்துவிடும் வரியைத்தான் நண்பர்களின் நிரல்களில் அடிக்கடி பார்க்கிறேன். மூடும் வரியை அரிதாகவே பார்க்கிறேன்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் உடனே தம் நிரலில் ஒரு சோதனையைச் சேர்த்தார். சாளரத்தைப் பத்துமுறை திறந்து மூடி, நிரலில் இன்னும் உயிரோடிருக்கும் விட்ஜெட்டுகளை எண்ணச் செய்தார். க்யூட்டியில் அந்தப் பட்டியலை ஒரே அழைப்பில் பெறலாம். எனக்கு அதுவரை தோன்றாத சோதனை. உங்கள் ஆய்வக நிரலிலும் இன்று மாலை இதைச் செய்து பாருங்கள். எண் ஏறினால் தரவுக் கோப்புகளில் நேர முத்திரைகளைப் பாருங்கள்.

என் ஆய்வேட்டில் அளவீட்டு நிரலைப் பற்றிய பின்னிணைப்பு இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. எந்தச் சாளரம் யாருக்கு உரியது, எப்போது அழிகிறது, படிப்புகளுக்கிடையே கடந்த நேரம் எவ்வளவு என்ற விவரங்கள் அதில் உள்ளன. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, தேர்வாளர்கள் இதைப் புரட்டமாட்டார்கள் என்றார். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒருவராவது கேட்கிறாரா, பார்ப்போம்.